தறி நின்ற ஐந்து நாட்கள்

செவலை, சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மார்கழிக் குளிரில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒருத்தி. வசதிக்காக அவளை ஒரே நாயாகச் சொல்கிறேன். உண்மையில் நான் பார்த்ததும் கேட்டதுமான பல குட்டிகளைச் சேர்த்துப் பிசைந்த உரு அவள். அவளைத் தூக்கிக்கொண்டு போன விசைத்தறிக்காரர் வீட்டு ஆச்சியும் அப்படித்தான். ஆனால் செவலையின் வயிற்றுக்குள் நடந்ததில் கற்பனை எதுவும் இல்லை. இந்தக் கணத்தில் நம் ஊர்த் தெரு ஏதோ ஒன்றில் ஒரு குட்டிக்குள் அது நடந்துகொண்டிருக்கும்.

தெருவில் பிறக்கும் குட்டிகளின் கணக்கு கொடுமையானது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு மேற்கு வங்கத்தில் 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் ஏழு மாத வயதைத் தொட்டவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் பெரும்பங்கு வண்டி, அடி, விஷம், தூக்கிப் போவது என்று மனிதர் கை பட்டவை. மிச்சத்தில் நோய்க்கும் பசிக்கும் பங்குண்டு. அந்தக் கணக்கில் செவலை எந்தப் பக்கம் விழுவாள் என்பது அவளுடைய எட்டாவது வாரத்தில் தீர்மானமானது.

ஆச்சி அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாள் ஆகியிருந்தது. முதல் மூன்று நாள் முற்றத்தில் ஒரே ஓட்டம். நான்காம் நாள் காலையில் பாலைத் தொடவில்லை, தறி போட்டிருக்கும் அறையின் மூலையில் போய்ச் சுருண்டாள். மத்தியானம் மஞ்சள் நுரையாக வாந்தி. ராத்திரி பேதி. விடிவதற்குள் பேதியில் ரத்தம். அதன் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பழுத்த அனுபவமுள்ள கால்நடை மருத்துவர்கள் குட்டி வாசலில் இருக்கும்போதே மூக்கால் நோயைச் சந்தேகித்துவிடுவார்கள்.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பல் முளைக்கிற பேதி என்றார் ஒருவர். எவனோ மருந்து வைத்துவிட்டான் என்றார் இன்னொருவர். நாட்டுக்குட்டி, ஒன்றும் ஆகாது, தானே எழுந்துவிடும் என்றவர்கள்தான் அதிகம். ஆச்சி, சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை ஒரு சிட்டிகை எடுத்துக் குட்டியின் நெற்றியில் தடவினார். வேண்டுதலுக்கு அந்த மண், அதற்கு மேல் ஆட்டோ. குட்டியைத் துண்டில் சுற்றி மாட்டாஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வாந்தி தொடங்கி ஒரு நாளைக்குள் போனது அந்த வீட்டில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு.

“இதுக்கு மருந்து கிடையாது ஆச்சி. தண்ணிதான் மருந்து.”

“தண்ணி குடிச்சாத்தான் வாந்தி எடுக்குதே ஐயா?”

“வாய் வழியா இல்ல. ட்ரிப்ஸ் ஏத்தணும். அஞ்சு நாள் தாங்கிட்டுன்னா பிழைச்சுக்கும்.”

அந்த மருத்துவர் சொன்ன ஐந்து நாளுக்குப் பின்னால் ஒரு பெரிய அறிவியல் இருக்கிறது.

நோயின் பெயர் பார்வோ. லத்தீனில் அந்தச் சொல்லுக்குச் சிறியது என்று பொருள். 40,000 பார்வோ வைரஸ்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் வரும். நாயின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 240 கோடி எழுத்துகள் இருக்கின்றன. பார்வோவிடம் சுமார் 5,000 தான். இவ்வளவு குறைந்த சரக்கோடு வாழ முடிவதற்குக் காரணம், தனக்கென்று எந்தச் சாமானும் வைத்துக்கொள்ளாததுதான். தன் டி.என்.ஏ-வை நகலெடுக்கும் நொதிகூட அதனிடம் இல்லை. ஒரு செல் தானாகப் பிளந்து இரண்டாகத் தயாராகும்போது அந்த நொதிகளை வெளியே எடுத்து வைக்குமே, அந்த நேரம் பார்த்துப் புகுந்து, செல்லின் கருவியிலேயே தன்னை நகலெடுத்துக்கொள்ளும். சும்மா இருக்கும் செல்லுக்குள் போனால் அதற்கு வேலை ஓடாது.

உள்ளே நுழைவதற்கு அது பிடித்திருக்கும் கதவும் இதற்கு ஏற்றதுதான். செல்லின் மேற்பரப்பில் இரும்பை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. வேகமாகப் பிளக்கும் செல்லுக்கு இரும்பு அதிகம் வேண்டும், அதனால் அந்தக் கதவும் அதிகம். நாயின் கதவுக்குப் பொருந்தும் சாவி இந்த வைரஸிடம் தொடக்கத்தில் இருந்ததில்லை. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவு இது. வெளிச்சட்டைப் புரதத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியதும் நாய்க்குள் நுழையத் தெரிந்துகொண்டது. 1978-இல் உலகின் பல மூலைகளில் ஒரே சமயத்தில் குட்டிகள் ரத்தபேதியில் சாகத் தொடங்கின. பிறகு, ஐரோப்பாவில் முன்பே சேமித்து வைத்திருந்த நாய் ரத்த மாதிரிகளைத் தேடிப் பார்த்தபோது, 1970-களின் நடுவிலேயே அதன் தடம் கிடைத்தது. 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தப் பக்கத்தில், நம் நாட்டு நாய்களுக்கு எந்த நோயும் அண்டாது என்று பெருமையாகச் சொல்வார்கள். 2005-இல் ராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது; பெருமை நியாயமானதுதான். ஆனால் எந்த மூதாதையும் சந்தித்திராத வைரஸ் இது. அதற்கு எதிராகப் பரம்பரை உரம் என்று ஒன்று சேர்ந்திருக்கக் காலமே போதவில்லை.

இப்போது செவலையின் குடலுக்கு வருவோம். சங்கரன்கோவில்காரர்களுக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். சிறுகுடலின் உட்சுவர் முழுக்க நுண்ணிய விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும். சத்தை உறிஞ்சுவது அந்தக் குடலுறிஞ்சிகள்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குழி உண்டு. அந்தக் குழிதான் தறி. அங்கே செல்கள் ஓயாமல் பிளந்துகொண்டே இருக்கும். புதிய செல் பழையதை மேலே தள்ளும். நெய்த துணி தறியிலிருந்து நகர்ந்து நகர்ந்து போவதுபோல, செல்கள் விரலின் நுனிவரை ஏறி, சில நாட்களில் தேய்ந்து உதிரும். நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் வயிற்றிலும் இதே நெசவு ஓடுகிறது.

பார்வோ துணியைத் தொடாது. தறியை உடைக்கும். ஆகவே முதலில் சில நாட்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே நெய்த துணி மிச்சமிருக்கிறதே! வைரஸ் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்ததற்கும் முதல் வாந்திக்கும் நடுவே பெரும்பாலும் நான்கு முதல் ஏழு நாள் ஆகும். ஆச்சி வீட்டு முற்றத்தில் செவலை ஓடிய மூன்று நாளும் தறி உடைந்துகொண்டிருந்தது. நோய் ஆச்சி வீட்டில் தொற்றியதல்ல, பேருந்து நிலையத்திலேயே உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு பழைய துணி நுனியில் உதிர்ந்து தீர, பதிலுக்குக் கீழிருந்து ஒன்றும் வராமல், குடல் சுவர் திடீரென்று வெறுமையாகிவிடும். உறிஞ்ச ஆளில்லாத தண்ணீர் பேதியாகும். சுவர் புண்ணாகி ரத்தம் கசியும்.

கொல்வது பெரும்பாலும் இதுகூட அல்ல, இதற்கு அடுத்த படி. எலும்பு மஜ்ஜையும் வேகமாகச் செல்கள் பிளக்கும் இடம் என்பதால் பார்வோ அங்கேயும் போய் வெள்ளையணுக்களின் உற்பத்தியை நிறுத்தும். ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் ஆயுள் மணிக்கணக்கில்தான். புதியவை வராவிட்டால் ஒரே நாளில் படை காணாமல் போகும். குடலில் சாதுவாகக் குடியிருந்த பாக்டீரியாக்களுக்கு மதிலும் இடிந்தது, காவலும் போனது. அவை ரத்தத்துக்குள் இறங்கும். செவலைக்குக் கொடுக்கப்பட்ட ஆன்டிபயாட்டிக் வைரஸுக்காக அல்ல, இந்தப் பாக்டீரியாக்களுக்காக.

தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். செவலையின் எடை இரண்டு கிலோ. அவள் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஒரு டம்ளருக்கும் குறைவு, ஏறக்குறைய 170 மில்லி. எடையில் பத்து சதவீதம் அளவுக்கு நீர் இழந்த குட்டி 200 மில்லியை இழந்திருக்கிறது. இது மொத்த ரத்தத்தின் அளவையும் தாண்டிய நஷ்டம். தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் படியாமல் அப்படியே நிற்கும். ஈறு ஒட்டும். ஆச்சி விரலால் தொட்டு, உள்ளங்கால் சில்லிட்டுவிட்டது என்றார். அது ரத்த ஓட்டம் கைகால்களைக் கைவிட்டு இதயத்தையும் மூளையையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டிருப்பதன் அறிகுறி. இந்த நிலையில் வாயில் ஊற்றும் இளநீரோ மோரோ எங்கே போகும்? உறிஞ்சும் துணியே இல்லையே. மனிதர்களுக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியேற வேண்டிய நஞ்சை உள்ளேயே தேக்கிவிடும்.

முன்னங்காலில் முடியை மழித்து ஊசி ஏற்றி, ஜன்னல் கம்பியில் ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். அந்த ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலின் பூர்வீகம் ருசியானது. 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புநீரில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை அது வழக்கத்தைவிட நெடுநேரம் துடித்தது. விசாரித்தால், உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய்த் தண்ணீரில் கரைசல் செய்திருக்கிறார்! லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம். வெறும் சமையல் உப்பு போதாது, இதயம் துடிக்கக் கால்சியமும் பொட்டாசியமும் வேண்டும் என்று அப்படித்தான் தெரிந்தது. 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், பேதியில் துவண்ட குழந்தைகளுக்காக அதில் லாக்டேட் சேர்த்தார். தவளைக்கும் குழந்தைக்கும் செய்தது சங்கரன்கோவில் தெருக்குட்டியின் காலில் ஏறுகிறது.

ஐந்து நாளும் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்க நம் ஊர்களில் இடமும் கிடையாது, பணமும் கிடையாது. பகலில் பாட்டில் ஏற்றி மாலையில் வீட்டுக்கு அனுப்புவார்கள். இது அரைகுறை வைத்தியம் என்று பலர் மனம் தளர்வதுண்டு. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாக் குட்டிகளுக்கும் முதலில் நரம்பு வழியே நீர் ஏற்றி நிலைப்படுத்தினார்கள். அதன்பின் 20 குட்டிகளுக்கு முழுநேர உள்நோயாளி சிகிச்சை. 20 குட்டிகளுக்குத் தோலுக்கடியில் நீர், வாந்தி நிறுத்தும் ஊசி, நீண்ட நேரம் வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக் என்று எளிய சிகிச்சை. முதல் கூட்டத்தில் 18 பிழைத்தன, இரண்டாவதில் 16. சிகிச்சையே இல்லாவிட்டால் பத்தில் ஒன்று பிழைப்பதே அரிது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் எளியதைச் செய்வதற்கும் நடுவில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. எளியதற்கும் உயர்தரத்துக்கும் நடுவில் இருப்பது சின்ன வாய்க்கால்.

சாப்பாட்டு விஷயத்திலும் பழைய வைத்தியம் தலைகீழாக மாறியிருக்கிறது. வாந்தி நிற்கும்வரை பட்டினி போட வேண்டும் என்பதுதான் நெடுநாள் விதி. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் 30 குட்டிகளை இரு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு விதிப்படி பட்டினி. மறுபாதிக்குச் சேர்த்த 12 மணி நேரத்திலேயே மூக்கு வழிக் குழாயில் நீர்த்த உணவு. 2003-இல் வந்த முடிவில், உணவு பெற்ற 15-ம் பிழைத்தன, பட்டினி கிடந்தவற்றில் 13. பிழைத்த எண்ணிக்கையின் வித்தியாசம் சிறியது, அதை வைத்து மட்டும் எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் சாப்பிட்டவை சீக்கிரம் எழுந்தன, எடையும் ஏறின. குடல் செல் தனக்கு வேண்டிய சாப்பாட்டில் பெரும்பகுதியை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, குடலுக்குள் வரும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தறிக்காரனுக்குக் கூலி கொடுக்காமல் தறியைச் சரிசெய்யச் சொல்ல முடியுமா? ஆச்சி மூன்றாம் நாளிலிருந்து குழைய வேகவைத்த கோழிச் சாற்றை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டார், மருத்துவர் சொன்ன அளவில், ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து.

ஐந்தாம் நாள் காலையில் செவலை தலையைத் தூக்கினாள்.

வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் அவளுக்குள் போகவில்லை. அப்படியென்றால் அதை ஒழித்தது யார்? அவள் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள்கள். உடைந்த தறியில் ஒட்டிக்கொண்டிருந்த சில மூலச்செல்கள், வைரஸ் ஓய்ந்ததும் மறுபடி நெய்யத் தொடங்கிவிட்டன. மஜ்ஜையும் அப்படியே. குட்டியின் குடல் அவ்வளவு வேகமாகப் பிளப்பதால்தான் பார்வோ அங்கே போனது. அதே வேகத்தால்தான் நான்கைந்து நாளில் சுவரை மறுபடி எழுப்பிக்கொள்ளவும் முடிந்தது. பாட்டிலும் ஊசியும் ஆச்சியின் சிரிஞ்சும் அதுவரை அவளை இழுத்துப் பிடித்துவைத்தன. இந்த நோயைப் பற்றி எனக்கு இன்றும் வியப்பு தீராதது இந்த இடம்தான்.

செவலையோடு பிறந்த மற்ற நான்கில் மூன்று அந்த வாரத்திலேயே போய்விட்டன. ஏன் சரியாக எட்டாவது வாரம்? சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்பொருள்கள் ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். ஆறாவது வாரத்திலிருந்து ஒரு வில்லங்கமான இடைவெளி திறக்கும். நோயைத் தடுக்கும் அளவுக்கு எதிர்ப்பொருள் மிஞ்சியிருக்காது, ஆனால் தடுப்பூசியைச் செல்லாக்காசாக்கும் அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு குட்டிக்கும் அந்த இடைவெளி வேறு வேறு நாளில் திறந்து மூடும். “ஊசி போட்டும் வந்துட்டே” என்று மருந்தைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஊசியோடு நிறுத்தியவர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்வதன் காரணம் இதுதான். எந்த ஊசி அந்த இடைவெளி மூடிய பிறகு விழுகிறதோ அதுதான் வேலை செய்யும். எது என்று முன்கூட்டித் தெரியாது.

இனி மண்ணைப் பற்றி. நெற்றியில் புற்றுமண் பூசிய ஊரில் இதைச் சொல்லத்தான் வேண்டும். பார்வோவுக்குக் கொழுப்பு உறை கிடையாது, கெட்டியான புரதக் கூடு மட்டும்தான். அதனால் சோப்பும் சானிட்டைசரும் அதை ஒன்றும் செய்யாது. நிழலான ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஒரு வருடம்கூடத் தாங்கும். செருப்பில் ஒட்டி வீடு வரும். வாளி வாளியாகப் பினாயில் ஊற்றுகிறோமே, அதையும் நம்ப முடியாது. குளோரின் வேண்டும். முதலில் அசிங்கத்தை அள்ளிச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு (அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும்), வீட்டு பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். சிமெண்ட் தரைக்கு இது சரி. மண் முற்றத்துக்கு வெயிலும் காலமும்தான். ஆச்சி வீட்டில் ஊசி முடியாத இன்னொரு குட்டி ஒரு வருடத்துக்குக் கால் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். மனிதர்களுக்கு நாயின் பார்வோ தொற்றாது. நமக்கென்று வேறொரு பார்வோ இருக்கிறது, பி19 என்று பெயர். 1975-இல் பி என்று பெயரிட்ட தட்டின் 19-ஆவது மாதிரியில் அகப்பட்டதால் வந்த பெயர்.

செவலை பிழைத்த பிறகு நடந்தது எனக்கு இன்னும் சுவாரசியமானது. நாய்க்குட்டி மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காவது வாரத்தில் முடிந்துவிடும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-இல் எழுதிய புத்தகத்திலிருந்து இது பாடமாகிவிட்டது. பார்வோ பிடிக்கும் பருவமும் அதே பருவம். நோய்க்குப் பயந்து தனியாக அடைத்து வைத்தால் குட்டி மிரண்ட நாயாக வளரும். வெளியே விட்டால் நோய். செவலைக்கு இந்தச் சிக்கலை ஆச்சியின் மடி தீர்த்துவிட்டது. ஐந்து நாள் இரவும் பகலும் துடைத்த கை, சூடான துண்டு, தறியின் தடக் தடக் சத்தம். விசைத்தறி ஓடும் அறையில் எந்த நாயும் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. இவள் அதன் அடியில்தான் தூங்குகிறாள். பத்ராவின் குழு 2017-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பழக்கமில்லாத மனிதரிடம் தெருநாய்கள் நம்பிக்கை வைத்தது, அவர் திரும்பத் திரும்பத் தந்த உணவைவிடத் தடவிக்கொடுத்ததற்காகத்தான் அதிகம்.

“வேற யாராவது நல்ல எடத்துல கேட்டா குடுத்திரலாம்னுதான் எடுத்தேன்” என்றார் ஆச்சி. கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். குட்டிக்கு இன்னும் தெம்பு வரவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அதைச் சொல்லும்போது செவலை ஒரு செருப்பை வாயில் கவ்விக்கொண்டு தெருமுனைவரை ஓடிப்போயிருந்தாள்.

அவளுக்கு இப்போது நான்கு மாதம். மற்ற நோய்களுக்கான ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டாயிற்று. முன்னங்காலில் மழித்த இடத்தில் முடி கொஞ்சம் கருத்து முளைத்திருக்கிறது. தாய் இன்னும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்தான் இருக்கிறாள். அவளைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடாவிட்டால் அடுத்த மார்கழியில் அங்கே இன்னொரு ஈத்து இருக்கும். மண்ணும் அங்கேதான் இருக்கும்.